வலது முட்டி ரெண்டு, இடது முட்டி எட்டு

இந்த வருஷம் மலை ஏறுவதில்லை என்று முடிவெடுத்தேன். தலைகீழாக நின்றாலும் ஏறுவதில்லை.

என் மச்சினன் நிஜாம் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். காய் எடுப்பு தொடங்கினால் போதும், "மச்சான், கூட வந்து நின்னு பாத்துக்கங்க" என்று ஜீப்பை அனுப்பிவிடுவான். அங்கே அட்டை கடிக்கும், குளிர் கடிக்கும், பொழுது சாய்ந்தால் நிஜாமின் பேச்சும் கடிக்கும். நானோ போடியில் ஏலக்காய் வியாபாரி. கடையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து காயைத் தரம் பிரிப்பதும், மத்தியானம் சாப்பிட்டுக் கண் அசருவதும்தான் ஆண்டவன் எனக்கு விதித்த சோலி.

நிஜாமிடம் மாட்டேன் என்று சொல்லிவிடலாம். அவன் அக்கா சுல்தானாவிடம் சொல்ல முடியாது. எனக்குப் பெண்டாட்டியாக வந்த நாளிலிருந்து அவளிடம் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் வலது முட்டியில் வலி என்றேன்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே நொண்டினேன். கடைக்கு நொண்டினேன். பாத்ரூமுக்கு நொண்டினேன். வீட்டில் யாரும் இல்லாதபோதும், எதற்கு வம்பு என்று நொண்டினேன். சுல்தானா தைலம் தேய்த்துப் பார்த்தாள். அப்புறம் தேனியில் புதுசாக ஒரு ஸ்கேன் வந்திருக்கிறது என்றாள். வயிற்றுப் பிள்ளையைப் பார்ப்பார்களே, அந்த ஜாதி மிஷின்தானாம், இன்னும் நுணுக்கமாம். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், இது முட்டிக்குள் இருக்கிற ஜவ்வு, நீர், ரத்த ஓட்டம் எல்லாவற்றையும் காட்டிவிடுமாம். உள்ளே ஒன்றுமே இல்லை என்று காட்டிவிட்டால் என் கதி?

"தைலத்துலயே சரியாயிரும் புள்ள" என்றேன்.

"சரியானா சொல்லுங்க, ஜீப்பை வரச் சொல்றேன்" என்றாள்.

தேனிக்குப் போனோம்.

டாக்டரம்மா பெயர் கிரேஸ். முட்டியில் சில்லென்று எதையோ கஞ்சி மாதிரி பூசி, சோப்புக் கட்டி அளவுக்கு ஒரு கருவியை வைத்து உருட்டினார். திரையைப் பார்த்தேன். மலை மேல் மழை கட்டி நிற்பது மாதிரிதான் தெரிந்தது. காலை மடக்குங்க என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் முனகி வைத்தேன். ஒத்துப் பார்க்க வேண்டும் என்று இடது முட்டியையும் பார்த்தார். பிறகு சுல்தானாவிடம் இங்கிலீஷும் தமிழுமாக என்னவோ விளக்கினார். என் காதில் விழுந்தது, வலது முட்டி ரெண்டு எம்.எம்., இடது முட்டி எட்டு எம்.எம்.

பிறந்ததிலிருந்து சல்லடையோடு கிடக்கிறவன் நான். எட்டு எம்.எம். சல்லடையில் தங்குகிற காய்தான் முதல் தரம். ரெண்டு எம்.எம். என்றால் அது காயே இல்லை, தூசி. அப்படியானால் என் வலது முட்டி தூசியா? பொய் சொன்ன முட்டி நிஜமாகவே போய்விட்டதா? பயப்படுவதா சந்தோஷப்படுவதா என்று புரியவில்லை. ரெண்டையும் செய்தேன்.

"கேட்டியா சுல்தானா, வலது முட்டி வெறும் ரெண்டு, கழிச்சுப் போடுற சரக்கு. இடதுதான் எட்டு, முதல் தரம். ஒத்தக் காலை வச்சுக்கிட்டு மலை ஏற முடியுமா?"

டாக்டரம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தார். சுல்தானா அவரை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ராஜ உபசாரம். ஆட்டுக்கால் சூப்பு கூட வந்தது. ஆனால் ஒத்தடம் இடது காலுக்கு, தலையணையும் இடது காலுக்கு. வலியெல்லாம் வலதில்தான் என்று ஞாபகப்படுத்தினேன். பேசாம இருங்க என்றாள். நல்ல முட்டிக்கு எதற்கு வைத்தியம் என்று ஒரே குழப்பத்தோடு தூங்கிப்போனேன்.

விடிந்தால் வாசலில் ஜீப்பு.

"என்ன புள்ள இது, ரெண்டு எம்.எம். முட்டியோட நான் எப்புடி..."

"ஜவ்வு ரெண்டு எம்.எம். இருந்தா நல்ல முட்டியாம். வாலிபப் பய முட்டியாட்டம் இருக்காம் உங்க வலது. இடதுலதான் ஜவ்வு தேஞ்சு, எட்டு எம்.எம்.முக்கு நீர் கோத்திருக்கு. வலதை நொண்டுறேன்னு பாரம் பூரா அதுல எறக்கியிருக்கீங்க. முட்டி என்ன ஏலக்காயா, பெருசா இருந்தா ஒசத்தின்னு சொல்ல?"

வலித்த முட்டிக்கு வியாதி இல்லை. வியாதி வந்த முட்டி வலிக்கவில்லை. இருந்தாலும் வியாபாரி புத்தி எங்கே போகும்? எந்த முட்டியானால் என்ன, வியாதி வியாதிதானே. அந்த நிமிஷமே இடது பக்கத்துக்கு மாறி நொண்டினேன்.

"அப்ப நெசமாவே ஏலாதுல்ல. டாக்டரம்மாவே மலை ஏறக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்களே."

ஆமாம், ஏறக் கூடாது என்றுதான் சொன்னாராம். குத்துக்கால் போட்டும் உட்காரக் கூடாதாம். நாற்காலியில் காலை நீட்டி உட்காரலாமாம். கேட்கக் கேட்க எனக்கு இனித்தது.

சுல்தானா என் கம்பளியை மடித்துப் பையில் வைத்தாள்.

"அதான் காய் உலத்துற ஸ்டோருக்குள்ளயே நிஜாமை நாற்காலி போடச் சொல்லிட்டேன். ஜீப்பு வாசல்லயே எறக்கி விட்டுரும். உள்ள கதகதன்னு இருக்கும், முட்டிக்கும் நல்லது. காய் முடியிற வரைக்கும் உக்காந்து பாத்துக்கிட்டாப் போதும்."

"இல்ல புள்ள, முட்டி..." என்று இழுத்தேன்.

"அங்க வேண்டியது உங்க கண்ணு. அதையும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துருவமா?"