பேக்பாக்கெட் அண்ணன்

அமீரகத்தில் பெரிய பதவியில் இருக்கும் தமிழர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். நாற்பதாவது மாடியில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள், கார் கதவைத் திறந்துவிடவே தனியாக ஆள் வைத்திருப்பவர்கள். அவர்களில் ஒருவர்கூடத் தன் பதவியைப் பேக்பாக்கெட் அண்ணன் மதித்த அளவுக்கு மதித்ததில்லை. பேக்பாக்கெட் என்பதுதான் அவருடைய பதவி. பெயரும் பிறகு அதுவே ஆகிவிட்டது.

அல் குசைஸில் எங்கள் ரூமில் ஆறு பேர். நான் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டைம்கீப்பர். அண்ணன் அதே கம்பெனியில் பஸ் டிரைவர், அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். உயரம் ஆறடி இரண்டங்குலம். கட்டில் அவருக்குக் கணுக்கால் வரைதான் வரும். மிச்சமிருக்கும் பாதங்களின் மேல் யாராவது ஈரத்துண்டைக் காயப்போட்டாலும் தூக்கம் கலையாது. வாரம் முழுக்க ஆட்களை கேம்ப்பிலிருந்து சைட்டுக்கு ஓட்டுவார். சனிக்கிழமை மட்டும் ஸ்பெஷல் டூட்டி. கம்பெனியின் ஆஸ்திரேலிய இன்ஜினியர்களும் அவர்கள் நண்பர்களும் சேர்ந்து ஒரு கால்பந்து அணி வைத்திருந்தார்கள். அவர்களை மைதானத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும்.

கால்பந்து என்று பேர்தான். அவர்கள் நாட்டு ஆட்டத்தில் கைக்கும் பாதி வேலை. பந்து முட்டை மாதிரி இருக்கும். உதைக்கலாம், தாவிப் பிடிக்கலாம், குத்தலாம், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடலாம். மைதானத்தின் இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவிலிருக்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்துச் சந்தில் போனால் ஒன்று. இதையெல்லாம் அண்ணன் ஒரு வருடம் ஸ்டியரிங்கில் தாடையை வைத்து, பஸ் கண்ணாடி வழியாகப் பார்த்தே படித்திருந்தார்.

ஒருநாள் ஆள் குறைந்தது. அணியின் கோச் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார். அவர் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். அண்ணன் எழுந்து நின்றார். தலை கூரையில் இடித்தது. கோச் வேறெதுவும் கேட்காமல் ஒரு பனியனை நீட்டி, கம்பத்துக்குப் பக்கத்து மூலையைக் காட்டி, "பேக் பாக்கெட்" என்றார். ஆட்டம் தெரியாதவனால் அதிகச் சேதம் வராத மூலை அது என்று நினைத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் அண்ணன் ரூமுக்குள் நுழைந்ததும், "தம்பி, என்னையப் பேக்பாக்கெட்டுல போட்டுட்டாக" என்றார். நாங்கள் பர்ஸ் பறிபோய்விட்டது என்று புரிந்துகொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் தேடக் கிளம்பிவிட்டோம்.

முதல் ஆட்டம் அப்படியொன்றும் சிறப்பாகப் போகவில்லை. அண்ணன் ஊரில் கபடி ஆடியவர், கணுக்கால் பிடியில் பேர் வாங்கியவர். இந்த ஆட்டத்தில் தோளுக்கும் முழங்காலுக்கும் நடுவில்தான் பிடிக்கலாம், அதுவும் பந்து வைத்திருப்பவனை மட்டும். இது தெரியாமல், பந்துக்குச் சம்பந்தமே இல்லாமல் நடந்துபோன எதிரணிப் பல் டாக்டர் ஒருவரின் கணுக்காலைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். நடுவர் விசில் ஊதினார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட அண்ணன் இன்னும் மூன்று பேரைப் பிடித்தார்.

ஆனால் அடுத்த வாரமே பாடம் ஏறிவிட்டது. ரூமில் எங்களுக்கும் வகுப்பு எடுத்தார். கம்பத்துக்கு நேர் முன்னால் நிற்பவர் ஃபுல்பேக், அவர்தான் காவலில் கடைசி ஆள். அவருக்கு இரு பக்கமும் பேக்பாக்கெட். சற்று முன்னால் நடுவில் சென்டர் ஹாஃப்பேக். யாரையும் காக்காமல் தனியாக உலாத்திக்கொண்டு, வருகிற பந்தையெல்லாம் பறிப்பவருக்கு லூஸ் மேன் என்று பேர். இருப்பதிலேயே அறிவாளியைத்தான் லூஸ் ஆக்குவார்கள் என்று அண்ணன் சொன்னபோது, எங்கள் சமையல்காரருக்கு அந்த நாட்டின் மேல் இருந்த மரியாதையே போய்விட்டது.

அண்ணனுக்குப் பிடித்த சொல் ஸ்பாயில். எதிராளி பந்தைப் பிடிக்கக் கை நீட்டும்போது, பின்னாலிருந்து எம்பிப் பந்தை மட்டும் குத்தித் தள்ளுவது. ஊருக்கு போன் போட்டு, தான் எல்லாவற்றையும் ஸ்பாயில் பண்ணுவதாகவும் வெள்ளைக்காரர்கள் கைதட்டுவதாகவும் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். "இங்க இருந்தப்பவும் அதத்தான் செஞ்சீக. யாரு கைதட்டுனா?" என்று அந்தம்மா கேட்டது ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

பயிற்சிக்கு நான்தான் ஆள். மேல் கட்டிலிலிருந்து தலையணையை வீசுவேன், அவர் ஓடிவந்து எம்பிக் குத்துவார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தலையணை ஒரு பக்கம் போக, குத்து கூரையிலிருந்த புகை அலாரத்தில் விழுந்தது. நான்கு மாடி ஆட்களும் தெருவில் நின்றார்கள், பாதிப் பேர் லுங்கியோடு. ஒருவர் பிரியாணிக் குண்டானைக் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தார். பெஷாவர்க்காரரான வாட்ச்மேன் கத்திக்கொண்டு மேலே வந்தார். அண்ணன் அவரை உட்காரவைத்து, தனக்குத் தெரிந்த இந்தியில் பேக்பாக்கெட்டின் பொறுப்புகளை விளக்கினார். கீழே போகும்போது வாட்ச்மேன் கேட்டது ஒன்றுதான். அப்படியானால் ஃபுல்பேக் யார் பாய்?

இரண்டாவது சீசனில் அண்ணனைத் தாண்டி ஒருவரும் சுலபமாகக் கம்பத்தைப் பார்க்க முடியவில்லை. அப்புறம் பக்கத்து நாடான ஓமனின் சோஹாரிலிருந்து ஓர் அணி வந்தது.

சீசனின் கடைசி ஆட்டம், ஜெயிப்பவருக்குக் கோப்பை. ஓமன்காரர்களின் அணியில் துறைமுக இன்ஜினியர் ஒருவர் இருந்தார். செம்பட்டைத் தாடி, அண்ணனைவிட ஒரு சாண் உயரம். கப்பலை இழுக்கும் படகுக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தார். எங்கள் ஃபுல்பேக் முதல் கால் மணியிலேயே தோளில் அடிபட்டு வெளியே வந்துவிட, செம்பட்டைத் தாடியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அண்ணன் தலையில் விழுந்தது. நான் தண்ணீர் பாட்டில் கொடுக்கும் சாக்கில் எல்லைக்கோட்டருகே நின்றிருந்தேன்.

அன்று பார்த்ததை எப்படிச் சொன்னாலும் நீங்கள் கூட்டிச் சொல்கிறேன் என்பீர்கள். தாடிக்காரர் ஒன்பது முறை எம்பினார். ஒன்பது முறையும் அவர் தலைக்கு மேல் எங்கிருந்தோ ஒரு கறுத்த முஷ்டி முளைத்தது. மோதிக் கீழே விழுந்தபோதெல்லாம் அண்ணன்தான் முதலில் எழுந்து, கை கொடுத்து அவரைத் தூக்கிவிட்டு, மறுபடி அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டார். தினமும் எங்களுக்கு பஸ் ஓட்டுகிற மனிதரா இவர் என்று வாயைப் பிளந்து பார்த்தேன். பாட்டில் கையிலேயே இருந்தது, யாருக்கும் கொடுக்கவில்லை.

ஆட்டம் முடிய அரை நிமிடம். நாங்கள் மூன்று புள்ளி முன்னால். தாடிக்காரருக்குப் பந்து கிடைத்துவிட்டது. திரும்பி உதைத்தார். அண்ணன் எம்பினார். பந்து அவர் விரல்களின் மேலாக, நடுக்கம்பங்களுக்கிடையே போய் விழுந்தது.

இங்கே ஒரு விதி சொல்ல வேண்டும். காவல்காரர் கை பந்தில் லேசாகப் பட்டிருந்தாலும் ஆறு புள்ளி இல்லை, ஒன்றுதான். பட்டிருந்தால் கோப்பை எங்களுக்கு. படவில்லை என்றால் அவர்களுக்கு. கம்பத்தடியில் நின்ற நடுவருக்குச் சாயங்கால வெயில் நேராகக் கண்ணில். அவர் தெரியவில்லை என்று தலையாட்டினார். எங்கள் ஆட்கள் மொத்தமும் பட்டது, பட்டது என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். ஐம்பது கெஜம் தள்ளி நின்ற எனக்கு என்ன தெரியும், இருந்தாலும் கத்தினேன்.

மைதான நடுவர் ஓடிவந்தார். எல்லோரையும் விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தார். பட்டதா என்று கேட்டார்.

அண்ணன் தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"நோ சார். நாட் டச்."

கத்திக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிறுத்திவிட்டார்கள். ஆறு புள்ளி கொடுக்கப்பட்டது. ஆட்டம் முடிந்தது. தாடிக்காரர் தன் ஆட்கள் ஓடிவந்து தூக்குவதற்கு முன் அண்ணனிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

பஸ்ஸில் திரும்பினோம். அண்ணன் வழக்கம்போல ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்கினார். அடிபட்ட ஃபுல்பேக்குக்குத் தோள் வலிக்கக்கூடாதாம். பின்சீட்டில் யாரோ முணுமுணுத்தபோது, கோச் எழுந்து முன்னால் வந்து, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டார். கடைசிவரை அங்கேயே இருந்தார்.

ரூமுக்கு வந்ததும் நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். பொய் சொல்ல வேண்டாம், பேசாமல் நின்றிருந்தாலே போதுமே என்றேன்.

"கேட்டாகல்ல தம்பி" என்றார். பிறகு முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, "ஒரு வெரக்கடை. இன்னும் ஒரே வெரக்கடை எம்பியிருந்தா பட்டிருக்கும்" என்றார். அவருக்கு இருந்த வருத்தமெல்லாம் அந்த ஒரு விரற்கடைதான். மற்றது அவர் யோசனையிலேயே இல்லை. எனக்கு அவரை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அடுத்த சீசன் முதல் சனிக்கிழமை கோச் எழுதி ஒட்டிய பட்டியலில் ஃபுல்பேக் என்ற இடத்தில் அண்ணன் பேர் இருந்தது. கடைசி ஆளாக இவர் நிற்பதுதான் தனக்கு நிம்மதி என்றாராம் கோச். அண்ணன் அன்று முழுக்க முதுகு வளையாமல் நடந்தார். புதுப் பதவியின் கனம். நாங்கள் மட்டும் பழைய பேரை மாற்றவில்லை.

அந்த சீசன் முடிவதற்குள் கம்பெனிக்கு சோஹாரில் வேலை கிடைத்து, டிரைவர்களில் அவரையும் அனுப்பிவிட்டார்கள். அங்கே இறங்கிய மறுநாளே கேம்ப் வாசலில் ஒரு கார் வந்து நின்றதாம். செம்பட்டைத் தாடி, கையில் புதுப் பனியன்.

வருடத்துக்கு எனக்கு முப்பது நாள் லீவு. ஊரில் ஒவ்வொரு நாளுக்கும் கணக்குக் கேட்கிறார்கள். ஆனாலும் அதில் இரண்டு நாளை யாருக்கும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு, சோஹார் பஸ் ஏறிவிடுகிறேன். ஆட்டம் இன்னும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. பந்து எங்கே போகிறது என்றும் பார்ப்பதில்லை. அண்ணன் நிற்கும் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.