வகுபடாத நம்பர்

எட்டு இலக்கத்தோடு சீட்டு முடிந்துவிட்டது. செல் நம்பருக்குப் பத்து வேண்டும். லைன்மேன் வேந்தன் சீட்டைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெறும் வெள்ளை.

சங்கமித்ரா டீச்சர் தன் கையால் எழுதியது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே கம்பத்திலிருந்து அவன் இறங்கியபோது ஓடிவந்து கொடுத்தாள். முதலில் என்னவோ சொன்னாள். இரண்டு வருஷமாகத் தூரத்திலிருந்தே பார்த்து ஏங்கிய முகம் ஒரு முழத் தூரத்தில் நின்றால் காது எங்கே வேலை செய்யும்? கடைசியில் சொன்னதுதான் விழுந்தது.

“இது ப்ரைம் நம்பர் சார், நேத்துதான் கண்டுபுடிச்சேன். மறந்துடாதீங்க, காத்துனு இருப்பேன்.”

மறுநாளே தசரா லீவு விட்டுவிட்டார்கள். ஸ்கெலட்டன் என்கிற குடியிருப்புப் பக்கம் வீடு என்று கேள்வி. எந்த வீடு என்று விசாரிக்க அவனுக்குத் துணிச்சல் இல்லை.

டீக்கடை நோயல் பி.எஸ்ஸி. கணக்கு வரை போய்த் திரும்பியவன். சீட்டைப் பார்த்ததும் சிரித்தான்.

“கணக்கு டீச்சரு சும்மா குடுப்பாங்களா? பரீட்ச வெச்சிருக்காங்க. ப்ரைம்னா ஒண்ணால வகுபடும், தன்னால வகுபடும். வேற யாருக்கும் மசியாது.”

“அப்ப அவங்களுக்கு வேற யாரும் இல்லன்றாங்களா?”

“அதேதான்! பெரிய ப்ரைம் நம்பரு ஒண்ணு, மூணு, ஏழு, ஒம்போதுலதான் முடியும். அதுக்கு முன்னாடி நம்பரு பத்துல எதுனா ஒண்ணு. மொத்தம் நாப்பது. போட்டுப் பாரு.”

ஒன்பது கோடியைத் தாண்டிய அந்தச் சீட்டு எண்ணை வேந்தன் முதலில் ஏழால் வகுத்தான். பதின்மூன்றால் வகுத்தான், பத்தொன்பதால் வகுத்தான். ஒவ்வொரு தடவையும் மிச்சம் விழுந்தது. மிச்சம் விழ விழ அவன் மனசு குளிர்ந்தது.

பிறகு போன் போட்டான். மூன்றாவது நம்பரில் பேத்தமங்களா ஊர்க் கங்கம்மா, மாடு கறக்கும் நேரத்தில் கூப்பிட்டதற்காகக் கன்னடத்தில் வாங்கு வாங்கென்று வாங்கினாள். பதினேழாவதில் கோலார் போலீஸ்காரரின் மனைவி. அப்புறம் போலீஸ்காரரே. நாற்பதும் தீர்ந்தது, சங்கமித்ரா கிடைக்கவில்லை.

“ஒருவேள இந்த எட்டு மட்டுந்தான் ப்ரைமோ இன்னாவோ,” என்று நோயல் தலையைச் சொறிந்தான். “அப்ப கடைசி ரெண்டும் எதுவா வேணா இருக்கலாம். இன்னும் அறுபது கீது.”

அதற்குள் திட்டியவர்கள் எல்லாம் திருப்பிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். போலீஸ்காரர் மட்டும் ஐந்து தடவை. வேந்தன் போனை அணைத்துப் பெட்டியில் போட்டான். ஏரியா கம்ப்ளெயின்ட் எல்லாம் வருகிற போனும் அதுதான்.

உலகத்தில் ஒருத்தி தனக்காகக் காத்திருக்கிறாள், தனக்குக் கணக்கு வரவில்லையே என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

எட்டாம் நாள், டீச்சரின் பக்கத்து வீட்டு ஐடா ஆன்ட்டி மின்சார ஆபீஸுக்கு வந்து மேஜையைத் தட்டினாள்.

“இன்னாப்பா வேந்தா, போனும் எடுக்க மாட்ற! மீட்டர் நம்பரை எழுதி உன் கையிலயே குடுத்துட்டு, டீச்சரம்மா ஒரு வாரமா மெழுகுவத்தி ஏத்தி வெச்சினு உனக்காகக் காத்துனு கீது!”