தரைச்சக்கரப் பெட்டியும் தொள்ளாயிரம் புள்ளியும்

சாதிக் பாட்சா ஒரு தீர்மானம் செய்தார்: தம் கல்யாணப் படத்துக்கு ரெசல்யூஷன் இருக்கக் கூடாது. ஆங்கில அகராதியில் தீர்மானத்துக்கும் அதே சொல்தான், படத்தெளிவுக்கும் அதே சொல்தான். முதலாவது உறுதியாக நிற்க வேண்டுமானால் இரண்டாவது மங்கலாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் அவர் மெய்ப்புத் திருத்துபவர். ஊருக்கு ‘புரூஃப் பாய்’. வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. “என் கண்ணைத் தாண்டி ஓர் ஒற்று போனதில்லை” என்பார்.

போயிருக்கிறது. 1981இல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பட்டாசுப் பெட்டியின் லேபிளில் ‘தரைச்சக்கரம்’, ‘தரைசக்கரம்’ ஆகிவிட்டது. ஐயாயிரம் பெட்டிகள் ஒற்றில்லாமல் ஊர் ஊராகச் சுற்றின. அந்தத் தீபாவளிக்கு வெடித்ததெல்லாம் அவர் வயிற்றில்தான் வெடித்தது. நல்லவேளை, ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அதே வருடம்தான் கல்யாணம். மூன்றாம் நாள், மாமனார் ஊரான விருதுநகரில், பெண்ணும் மாப்பிள்ளையும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். ரோஷன் பேகம் அவரைவிட மூன்று விரற்கடை உயரம். போட்டோக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெண் தலை குனியும்வரை காத்திருந்தார். பிறகு மூலையில் கிடந்த மரப்பெட்டியைச் சத்தமில்லாமல் காலால் தள்ளிவிட்டார். மாப்பிள்ளை ஏறினார். ஏறிய பிறகுதான் கீழே பார்த்தார்.

தரைசக்கரம்.

“பயப்படாதீக, பெட்டி அட்டைக்குள்ள மறைஞ்சிரும்” என்று காதோடு சொன்னார் போட்டோக்காரர். படத்தின் ஓரங்களை மூடியிருந்த அந்த மவுண்ட் அட்டைக்குள் என்ன மறைந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் தைரியம் இருபத்தைந்து வருடமாகச் சாதிக் பாட்சாவுக்கு வரவில்லை.

படத்தில் அவர்தான் உயரம். பக்கத்தில் ரோஷன் பேகம், நெற்றிவரை முக்காடு, குனிந்த தலை. அந்த நாணத்தை நினைத்தால் இன்றைக்கும் அவர் நெஞ்சுக்குள் அத்தர் மணக்கும். படத்தில் ஓர் உயரமும் நேரில் ஓர் உயரமுமாக இருப்பதைக் கேட்பவர்களுக்கு ஒரு விளக்கமும் தயாராக வைத்திருந்தார்: “நிக்காஹ் ஆனப்புறம் பொம்பளைக கொஞ்சம் வளருவாக.” ரோஷன் பேகம் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

2006இல் அச்சகத்துக்கு டிஜிட்டல் கலர் மிஷின் வந்தது. அதற்கு முந்திய மிஷினில் நாலு கலரும் நாலு தடவை ஓடும். தாள் ஒரு மயிரிழை நகர்ந்தால் மயிலின் கண் தோகையில் போய் உட்காரும். மசி வாசனையைச் சட்டையில் வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்த வாசனையோடே பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட நாட்கள் அவை. இந்த மிஷினுக்கு வாசனையே இல்லை. ஆனாலும் அதன் புள்ளிக் கணக்கைத் தினமும் சோற்றோடு சேர்த்து மனைவிக்குப் பரிமாறினார். அங்கேதான் வினை.

“என்னங்க, நமக்கு இருபத்தஞ்சாவது வருசம். கல்யாணப் போட்டோவை அந்த மிஷின்ல பெருசாப் போட்டு ஹால்ல மாட்டணும்.”

“பெருசாக்குனா உடையும்.”

“கண்ணாடியா?”

“புள்ளி, புள்ள, புள்ளி!”

“மிஷின் அங்குலத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் புள்ளி வைக்கும்னு நேத்துச் சொன்னீகளே?”

“அது மிஷின் வைக்கிற புள்ளி. படத்துல இருக்கிற புள்ளி வேற. பானை பெருசா இருந்தா மட்டும் பிரியாணி கூடிருமா? அரிசி வேணும்ல?”

“அப்ப அரிசியைப் போடுங்க.”

போட்டார். படத்தைச் சட்டம் கழற்றாமல், கண்ணாடிக்கு மேலேயே, அங்குலத்துக்கு எழுபத்திரண்டு புள்ளியில் ஸ்கேன் செய்தார். அச்சாகி வந்த மாதிரியில் அவர் முகம் ஏழெட்டுச் சதுரம். ரோஷன் பேகம் குளியலறைச் சுவரில் பதித்த ஓடுபோல இருந்தாள்.

“பாத்தியா? நான் சொன்னேன்ல.”

“உங்க மூக்கு எங்கங்க?”

“ரெசல்யூஷன்ல போயிருச்சு.”

“பாவம். சரி, விடுங்க” என்றாள்.

அவள் ‘விடுங்க’ என்று சொல்லி எதையும் விட்டதில்லை. அது அவருக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தால், ஹாலில் பழுப்புத்தாள் சுற்றிய பெரிய படம்.

“ஐஸ்வர்யா போட்டுக் குடுத்தா” என்றாள் ரோஷன் பேகம். அடுத்த தெருப் பெண். அந்த மிஷினை ஓட்டுகிறவளே அவள்தான். “ஆறங்குலப் படத்தைப் பதினெட்டாக்குனா மூணு மடங்கு. அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி நிக்கணும்னா தொள்ளாயிரத்துல ஸ்கேன் பண்ணணுமாம். நீங்க எடுத்ததுல இருபத்திநாலுதான் தேறுமாம். படி அரிசி போடுற எடத்துல கைப்பிடி போட்டிருக்கீக.”

“கை தவறியிருக்கும். கண்ணாடிக்கு மேலதானே எடுத்தா?”

“அப்படி எடுத்தா வெளிச்சம் அடிக்கும்னு சட்டம், அட்டை அம்புட்டையும் கழத்திட்டா.”

“அட்டையையுமா?”

“அதான் இம்புட்டுப் பளிச்சுனு இருக்கு. கீழ பெட்டியில இருந்த எழுத்தைக்கூடப் படிக்கலாம்.”

“எ… எந்தப் பெட்டி?”

“அதாங்க, தரைச்சக்கரம். ‘ச்’ போட்டு எம்புட்டு அழகா அச்சடிச்சிருக்காக! புரூஃப் பாத்த மகராசன் நல்லா இருக்கணும்.”

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் வாயை மூடியிருப்பான். சாதிக் பாட்சாவுக்குப் புத்தி உண்டு. ஆனால் அதற்கு முன்னால் இலக்கணம் ஓடிவந்துவிட்டது.

“‘ச்’ எங்க இருந்துச்சு? ஒத்து இல்லாமத்தானே நான் விட்டேன்! மேல ஏறி நின்னு பாத்தவன் நானு, எனக்குத் தெரியாதா—”

வாக்கியம் நின்றது. அவர் வாழ்க்கையில் முற்றுப்புள்ளி இல்லாமல் விட்ட முதல் வாக்கியம்.

ரோஷன் பேகம் தாளைப் பிரித்தாள். அவர் கோட்டுப் பொத்தானின் நாலு துளையும் தெரிந்தன. அவள் கையிலிருந்த கண்ணாடி வளையலை ஒவ்வொன்றாக எண்ணலாம். கன்னத்தில் அன்றைய பவுடர்கூட இருந்தது. சாதிக் பாட்சா கண்ணைக் கீழே இறக்கினார். படம் இருவருக்கும் முழங்காலோடு முடிந்திருந்தது.

“பெட்டி எங்க புள்ள?”

“படத்துல பெட்டி ஏது? போட்டோக்காரர் அன்னைக்கே முட்டியோட வெட்டிட்டாரு.”

“அப்ப உனக்கு எப்படித் தெரியும்?”

“நான் தலை குனிஞ்சுதானே நின்னேன்?”

“அது… அது வெட்கம்ல?”

“வெட்கமா! ‘ச்’ விட்டுப்போச்சேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”