நாலு வீடு தள்ளித் தாய்வீடு

வத்தலக்குண்டு,
ஞாயிறு சாயங்காலம்.

மரியாதைக்குரிய சம்பந்தி தங்கமுத்து அவர்களுக்கு, பூண்டி பழனிவேல் கும்பிட்டு எழுதுவது. பழனியாண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். இங்கே என்றால் மலைமேல் பூண்டியில் இல்லை. உங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, பச்சை கேட் போட்ட வீட்டில். நேற்று நாங்கள் சாமான் இறக்கும்போது நீங்கள் ஜன்னலில் நின்று மீசைக்குள் சிரித்ததைப் பார்த்தேன். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு கடிதமா என்று கேட்காதீர்கள். வளைகாப்பன்று என்னோடு பேச்சை நிறுத்தியவர் நீங்கள்தான்.

"திருப்பூர்ல இருந்து வந்த புள்ள இங்கனயே இருக்கட்டும், ஆஸ்பத்திரி பக்கம்" என்று அன்று நீங்கள் சொன்னது நியாயம்தான். ஆனால் தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் பார்க்காவிட்டால் நான் பூண்டியில் தலைகாட்ட முடியுமா? மலையில் டாக்டரே இல்லையா என்று சவால் விட்டு மகள் சரண்யாவைக் கூட்டிப்போனேன். அப்புறம் பட்ட பாட்டைக் கேளுங்கள். கொடைக்கானலுக்கு ஒரு டாக்டரம்மா மாதத்தில் ரெண்டு சனிக்கிழமை வருவார் என்றார்கள். நாங்கள் போனது அந்த ரெண்டிலும் சேராத சனிக்கிழமை, சரியான சனிக்கிழமை பார்த்துப் போனால் சீசன் கூட்டத்தில் பஸ் நகரவில்லை, இறங்கி நடந்துபோய்ச் சேர்வதற்குள் அவர் மதுரைக்குக் கிளம்பிவிட்டார். மூன்றாம் முறை 'மெட்டர்னிட்டி' என்று கொட்டை எழுத்தில் ஒரு போர்டைப் பார்த்து நுழைந்தோம். நல்ல வரவேற்பு. சரண்யாவுக்குத் தரையைக் கூட்டும் நீளத்தில் வெள்ளை கவுன் மாட்டி, வயிற்றில் கை வைக்கச் சொல்லி, விளக்குப் போட்டார்கள். நான் பரிசோதனை என்றே நினைத்தேன். எட்டு போட்டோ எடுத்த பிறகுதான் டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டேன். கர்ப்பிணிகளைப் படம் பிடிக்கும் ஸ்டூடியோவாம். படங்கள் நன்றாகத்தான் வந்திருக்கின்றன. திருப்பூரில் இருக்கும் மாப்பிள்ளை சந்தோஷ்குமாருக்கு அனுப்பிவிட்டேன்.

சிரிப்பெல்லாம் எங்கள் ஊர் நர்ஸம்மா வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் வரைதான். "கொழந்த குறுக்க கெடக்குண்ணே. கடைசி மூணு வாரம் டாக்டருக்குப் பக்கத்துலயே இருக்கணும். வலி வந்தப்பறம் மலையெறங்குற சோலி வேணாம்" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இருப்பது ஒரே பிள்ளை. கௌரவமா மகளா என்று கேட்டாள் என் மனைவி விசாலாட்சி. ரெண்டும்தான் என்றேன். மகள் மேலே இருக்க முடியாதென்றால் தாய்வீடு கீழே இறங்கட்டும். நர்ஸம்மா சொன்ன டாக்டர் ஷர்மிளாவின் கிளினிக்குக்குப் பின்தெருவிலேயே வீடு பிடித்தேன். அது உங்கள் தெருவாக இருப்பதற்கு நான் என்ன செய்ய? கிரைண்டர், குத்துவிளக்கு, சரண்யாவின் கட்டில், குலசாமி படம் எல்லாவற்றையும் பூண்டு லோடு வண்டியில் ஏற்றிவிட்டு நாங்கள் காரில் இறங்கினோம்.

பெருமாள்மலை தாண்டி ஒரு வளைவில் எதிரே வந்த ஒரு கார் எங்களை ஒட்டி நின்றது. அதிலும் ஒரு கர்ப்பிணிப் பெண். தலையை நீட்டி, எத்தனை மாதம், ஏன் முதுகுக்குத் தலையணை வைக்கவில்லை என்று சரண்யாவை விசாரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க டாக்டர்கிட்டதாம்மா போறோம், அவங்க சொல்லுவாங்க" என்றேன். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தார். ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் பின்னாலிருந்து பஸ்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.

ஆகவே சம்பந்தி, உங்கள் பேச்சும் நடந்தது, என் பேச்சும் நிலைத்தது. நாளைக் காலை டோக்கன் போட்டால் மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார். கோபத்தை விட்டு ஒரு வாய் காபிக்கு வாருங்கள். சம்பந்தியம்மாவுக்கு விசாலாட்சியின் வணக்கம். உங்கள் ஆசீர்வாதம் நாலு வீடு கடந்து சரண்யாவுக்கு வந்தால் போதும்.

இப்படிக்கு,
பூண்டி பழனிவேல்

பி.கு.: திங்கள் காலை. டோக்கன் போடப் போனேன். டாக்டர் ஷர்மிளா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டாராம், பூம்பாறைக்கு. சுவரில் அவர் படம் இருக்கிறது. வளைவில் சிரித்த அதே அம்மா. மலைக்கு வந்தே ஆகவேண்டும் என்று அவர் அப்பா ஒற்றைக்காலில் நின்றாராம். இப்படி ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததே இல்லை. டாக்டர் ஷர்மிளாவுக்குப் பதிலாக வந்திருக்கும் டாக்டரம்மா மூன்று நாளாக உங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறாராம். நமக்குள் பேச்சு இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்கள். விஷயத்தைக் கேட்டதும் சரண்யா பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். ஒரே ஒரு வேண்டுகோள்: அவள் படுக்கும் அறையை மட்டும் மூன்று வாரத்துக்குத் தாய்வீடாக எனக்கு விட்டுக்கொடுங்கள். கட்டிலோடு பின்னாலேயே வருகிறேன். கேட்டைத் திறந்து வையுங்கள்.