நாக்கை நீட்டு வேந்தரின் பதவிக்காலம்

மேடைக்கு வந்த பிள்ளையின் நாக்கைப் பார்த்துவிட்டுத்தான் பட்டத்தைக் கையில் கொடுப்பேன் என்று நின்ற வேந்தர், இந்தப் பூமியில் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு மட்டும்தான் வாய்த்தார். வேறெங்காவது இருந்ததாக யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

எங்களுடையது அரசாங்கப் பல்கலைக்கழகம் இல்லை. தெல்லிப்பழைப் பக்கம், ஊரவர்கள் சிலரும் வெளிநாட்டில் இருக்கும் அவர்களின் பிள்ளைகளும் சேர்ந்து தொடங்கிய சின்ன இடம். நான் அங்கே பதிவாளர். தொடங்கியவர்கள் சட்டதிட்டம் எழுதும்போது, "வேந்தர் ஒருவர் இருப்பார்" என்று எழுதினார்கள். எதுவரைக்கும் இருப்பார் என்று எழுத மறந்துபோனார்கள். வேந்தருக்கு வருடத்தில் ஒருநாள்தான் வேலை. கவுணைப் போட்டுக்கொண்டு பட்டம் கொடுக்கவேண்டும். மற்றத் தலையிடியெல்லாம் துணைவேந்தருக்கு. அந்த ஒருநாள் வேலைக்குப் பண்டத்தரிப்பிலிருந்து ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். வலிகாமப் பகுதியில் பாதிப் பேருக்கு மருந்து கொடுத்த மனிதர்.

முதல் விழாவில் முதல் பிள்ளை வந்தாள். டொக்டர் கைகுலுக்கினார். குலுக்கிய கை அப்படியே நழுவி மணிக்கட்டுக்குப் போய்விட்டது.

"என்ன பிள்ளை, நாடி உந்த ஓட்டம் ஓடுது?"

"பயம் சேர்."

"பயமோ, இரத்தம் குறைவோ? எங்கை, நாக்கை நீட்டு."

மைக் திறந்திருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. பிள்ளை நாக்கை நீட்டினாள். படப்பிடிப்பாளர் அந்த நேரம் பார்த்துக் கமராவை அமத்திவிட்டார். அச்சுவேலியில் அவள் வீட்டு விறாந்தையில், கவுணோடும் பட்டத்தோடும் நாக்கை நீட்டியபடி அவள் இன்றைக்கும் படமாகத் தொங்குகிறாள்.

அன்றைக்கே பெயர் வைத்தாகிவிட்டது: நாக்கை நீட்டு வேந்தர்.

அடுத்த வருடம் படப்பிடிப்பாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, வாயை மூடினபடி ஒரு படமாவது எடுக்க விடச் சொல்லுங்கோ. என்ரை தொழில் போகப்போகுது." எப்படிச் சொல்வது? பெற்றோருக்கோ அவரைக் கண்டால் கொண்டாட்டம். ஒருமுறை பட்டதாரிகளின் வரிசைக்குள் ஒரு தகப்பனும் நுழைந்து மேடைக்கு ஏறிவிட்டார்.

"உம்மடை பேர் வாசிச்சவையோ?" என்று கேட்டார் வேந்தர்.

"இல்லை ஐயா. முழங்கால் நோகுது."

துணைவேந்தரை எழுப்பிவிட்டு, அவருடைய கதிரையில் தகப்பனை இருத்தி முழங்காலைப் பார்த்தார். எங்கள் துணைவேந்தர் கணிதப் பேராசிரியை. வகுப்பில் அவர் நிமிர்ந்து பார்த்தாலே பெடியள் நடுங்குவார்கள். அன்றைக்கு மேடை ஓரத்தில் கதிரை இல்லாமல் நின்றார். மத்தியானச் சாப்பாடு பின்னேரம்வரை ஆறிக் கிடந்தது.

இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்டவேண்டும் என்று நாங்கள் முறுமுறுத்துக்கொண்டிருந்த வருடத்தில்தான் அது நடந்தது. ஒரு பெடியன் பட்டம் வாங்க வந்தான். வேந்தர் அவன் கீழிமையை இழுத்துப் பார்த்தார். கண் மஞ்சளித்துக் கிடந்தது. அவருடைய சிரிப்பு நின்றது. "பட்டம் பிறகு. உவனை இப்பவே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ" என்றார். கவுணோடு வான் வண்டியில் ஏற்றினோம். ஈரல் மோசமாகப் பழுதாகிப் போயிருந்தது. கொஞ்சம் பிந்தியிருந்தால் பிள்ளை இல்லை என்று அங்கே சொன்னார்களாம். பெடியன் தப்பிவிட்டான். அவனுடைய தாய் வாழைக்குலையோடு வந்து வேந்தரின் வீட்டு வாசலில் நின்று அழுதாள்.

அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு சொல் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. நாங்களும் எத்தனை நாக்கு என்று கணக்குப் பார்த்தே விழாவுக்கு நேரம் ஒதுக்கினோம்.

ஆனால் வயது போனது. கை நடுங்கத் தொடங்கியது. பட்டதாரிகளின் தொகையோ வருடாவருடம் ஏறியது. போன விழாவில், பாதி வரிசை நிற்கும்போதே அவர் சரிந்தார். நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். "ஒண்டுமில்லைத் தம்பி, அடுத்த பிள்ளையைக் கூப்பிடும்" என்றார். அவருடைய முழுப் பாரமும் என் கையில் இருந்தது. இன்னொரு விழா இவரைக் கொன்றுவிடும் என்று எனக்கு விளங்கியது.

பல்கலைக்கழகப் பேரவை கூடியது. இனி வேந்தரின் பதவிக்காலம் ஐந்து வருடம், ஒரேயொருதரம் நீடிக்கலாம், அதற்கு மேல் இல்லை என்று முடிவெடுத்தார்கள். அந்தக் கணக்கில் எங்கள் டொக்டரின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. தீர்மானத்துக்கு எல்லாரும் கை உயர்த்தினார்கள். அதை அவருக்கு யார் சொல்வது என்றதும் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். கடைசியில் துணைவேந்தரும் நானும் பண்டத்தரிப்புக்குப் போனோம்.

தேத்தண்ணி வந்தது. துணைவேந்தர் தொண்டையைச் செருமினார். "சேர், ஒரு விசயம் கதைக்க வந்தனாங்கள்..."

"குரல் அடைச்சுக் கிடக்கு. நாக்கை நீட்டுங்கோ."

கணிதப் பேராசிரியை நாக்கை நீட்டிவிட்டார். இனி அவரால் பேச ஏலாது. கண்ணால் என்னைக் காட்டினார்.

"ஐயா, இனிமேல் வேந்தர் பதவிக்கு அஞ்சு வருசம்தான் எண்டு சட்டம் போட்டிட்டம்" என்றேன்.

டொக்டரின் முகம் வெளிறியது. "இன்னும் அஞ்சு வருசமோ?"

"இல்லை ஐயா. உங்கடை காலம் முடிஞ்சுபோச்சு."

அவர் கதிரையில் சாய்ந்தார். விழப்போகிறார் என்று பிடிக்க எழும்பப் போனேன். பார்த்தால், சிரிக்கிறார்.

"மெய்யாவோ தம்பி? நான் சாகுமட்டும் நிக்கவேணும் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன். நானா விட்டால் உங்களை அவமதிச்ச மாதிரி ஆகிப்போகும் எண்டு பயம். காலெல்லாம் ஒரே உளைவு. விழா மாதம் வந்தால் நித்திரை இல்லை."

குசினிக்குள் இருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. "என்னவாம், விட்டிட்டினமோ?"

"ஓம், விட்டிட்டினம்!"

"அப்பாடா!" என்றார் அன்ரி. அடுத்த நிமிடம் ஒரு தட்டு நிறையப் பனங்காய்ப் பணியாரம் வந்தது. வரும்போது தயங்கித் தயங்கி வந்த நாங்கள், போகும்போது காருக்குள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரிச் சிரித்தோம்.

இந்த வருட விழா புது வேந்தரோடு நேரத்துக்கு முடிந்தது. சாப்பாடு சூடாக இருந்தது. படப்பிடிப்பாளர் என்னைக் கண்டு கும்பிட்டார். பழைய வேந்தர் வேட்டி சால்வையோடு முன்வரிசையில் சாதாரண விருந்தினராக இருந்தார். புது வேந்தரின் உரை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பழையவரின் தலை மெல்லச் சாய்ந்தது. நல்ல ஆழ்ந்த நித்திரை. தட்டி எழுப்ப ஒருவர் குனிந்தார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பிறகு சத்தமில்லாமல் போய், பக்கத்தில் நின்ற மின்காற்றாடியை அவர் பக்கம் திருப்பிவிட்டேன்.