மோட்டார் எரியவில்லை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தானும் நலம். அங்கு நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். சளி, காய்ச்சல் என்று ஏதாவது இருந்தாலும் முதலில் இதை உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் படுத்துக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். ஆறு வருடமாக என் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் உன் ஜீப்பைப் பழைய இரும்புக்குப் போட, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கடைக்காரரோடு வருவதாகச் சொல்லியிருந்தாய். வர வேண்டாம். போன மாதம் வந்தபோது, ஜீப்பின் மூக்கில் இருக்கிற வின்ச்சை, அதாவது சேற்றில் மாட்டின வண்டியைக் கம்பிக்கயிற்றால் இழுக்கிற அந்தச் சாமானை, ஒரே ஒரு தடவை பொத்தானை அமுக்கிப் பார்த்துவிட்டு, "மோட்டார் எரிஞ்சுபோச்சுக்கா, இனி இது வெறும் இரும்பு, நீ அதுல கைய வைக்காத, உனக்கு இதெல்லாம் புரியாது" என்றாயே, அந்த மோட்டார் எரியவில்லை தம்பி. இருபத்தெட்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து, எந்த ரிலே ஒழுங்காக விழுகிறது, எது சும்மா பாவனை பண்ணுகிறது என்று சத்தத்தை வைத்தே சொன்னவளைப் பார்த்து உனக்குப் புரியாது என்றாய். அதை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். மன்னித்ததை இன்னும் ரெண்டு மூன்று இடத்தில் ஞாபகப்படுத்துவேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி, நல்ல மழை. எதிர்வீட்டு லாண்டரிக்காரம்மா ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய பெட்ஷீட் மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டு பின்னால் எடுத்திருக்கிறாள். பாதை ஓரம் பொதபொதவென்று உள்வாங்கி, பின்சக்கரம் ரெண்டும் கால்வாய்க்குள் இறங்கிவிட்டது. கிரேன்காரருக்குப் போன் போட்டால் நாளைக்குத்தான் வருவாராம். தண்ணீரோ வேனின் பின்கதவைத் தொட்டுக்கொண்டு ஏறுகிறது. அவள் அழக்கூட இல்லை. "பன்னெண்டு மணிக்குள்ள ஷீட்டு போகலன்னா காண்ட்ராக்ட வேற ஆளுக்குக் குடுத்துருவாங்கக்கா. நான் திரும்பவும் யாரு கடையிலயாவது போய்த் துணி பிழியணும்" என்று என்னிடம் சாதாரணமாகச் சொன்னாள். அந்தச் சாதாரணத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நம்ம ஜீப்பு இருக்கு" என்றேன். உன் அத்தான், "ஜீப்பு ஓடும், வின்ச்சு ஓடாது, உன் தம்பியே சொல்லிட்டான்" என்றார். "என் தம்பி ரேடியோவுக்குள்ள ஆள் உட்கார்ந்து பாடுறார்னு பன்னிரண்டு வயசு வரைக்கும் நம்பினவன். குடையப் பிடிங்க" என்றேன்.

உன் அத்தான் வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைப்பதால் பேட்டரி நன்றாகத்தான் இருந்தது, ஹாரன் அடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. கயிற்றை அவிழ்க்கிற பொத்தானை அமுக்கினேன், 'டக்' என்று கனமான சத்தம். சுற்றுகிற பொத்தானை அமுக்கினேன், தொண்டை கட்டின மாதிரி ஒரு 'டிக்'. ரெண்டுக்கும் மோட்டார் அசையவில்லை. இதில்தான் நீ கோட்டை விட்டாய். ரெண்டு பக்கமும் அசையலன்னா ரெண்டுக்கும் பொதுவான இடத்துல ஒரு கோளாறு. சத்தம் வேற வேறயா வருதுன்னா தனியா இன்னொரு கோளாறு. மோட்டாருக்கு இதுல என்ன சம்பந்தம்? ஒரு உதிரி பல்பில் ரெண்டு ஒயரைச் சுற்றி, ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் இன்னொன்றை மோட்டாரின் உடம்பிலும் வைத்தேன். பளிச்சென்று எரியவேண்டிய பல்பு செத்தேனோ பிழைத்தேனோ என்று மினுங்குகிறது. எர்த் ஒயர்! மோட்டாரின் உடம்பிலிருந்து பேட்டரிக்குக் கரண்ட் திரும்புகிற வழி. வெளியே பார்த்தால் பெருவிரல் தடிமன், கொஞ்சம் இழுத்ததும் உறை கழன்று கையோடு வந்துவிட்டது, உள்ளே செம்பெல்லாம் பச்சைப் பொடி. சீட்டுக்கு அடியில் கிடந்த ஜம்ப்பர் கேபிளை வெட்டி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, அந்த இடத்தில் முறுக்கினேன். முறுக்கும்போது ஸ்பானர் படக்கூடாத ரெண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் பட்டு ஒரு பொறி பறந்தது பார், உன் அத்தான் குடையோடு பின்னால் எகிறி, துரு கழுவ வைத்திருந்த பக்கெட்டில் உட்கார்ந்துவிட்டார். பேட்டரி ஒயரை முதல்லயே கழட்டியிருக்கணும்தான். அது எனக்குத் தெரியும், நீ சொல்ல வேண்டாம்.

அவரைத் தூக்கி நிறுத்திட்டு, அவிழ்க்கிற பொத்தானை அமுக்கினேன். உறுமிச்சு தம்பி! நீ எரிஞ்சுபோச்சுன்னு சொன்ன அதே மோட்டார். உன் அத்தான் ஈர வேட்டியோட, "ஏய், ஓடுது, ஓடுது" ன்னு குதிக்கிறார். ஆனா சுத்துற பக்கம் இன்னும் அதே 'டிக்'. வின்ச்சோட பெட்டியத் திறந்தா நாலு சொலினாய்டு, மோட்டாருக்குக் கரண்ட்ட விடுற சுவிட்சுங்க, நம்ம ரிலேவோட பெரியண்ணன்மார், சுத்த ரெண்டு, அவிழ்க்க ரெண்டு. சுத்துறதுல ஒண்ணு உள்ள கருகிக் கிடக்கு. புதுசு வாங்கக் கடைக்குப் போனா பன்னெண்டு மணி தாண்டிரும். அப்பத்தான் தோணுச்சு, கயித்த அவிழ்க்க மோட்டார் எதுக்கு, லிவரத் தள்ளிட்டுக் கையாலயே இழுத்துக்கலாமே! பேட்டரிய ஒழுங்காக் கழட்டி வச்சிட்டு (கத்துக்கிட்டேன், சரியா?), அவிழ்க்கிற பக்கத்துல இருந்து ஒண்ணப் பிடுங்கிச் சுத்துற பக்கம் மாட்டினேன். திரும்ப பேட்டரியக் குடுத்து அமுக்கினா, வயிறு நிறைஞ்ச மாதிரி 'டக்'. அந்தச் சத்தத்துக்காக நான் ரிட்டயர்மெண்ட்ட விட்டுட்டுத் திரும்ப வேலைக்கே போவேன்.

ஜீப்ப எதிர்ப்பக்கம் கொண்டுபோய், பின்னால மரத்தோட கட்டி, சக்கரத்துக்குக் கல்லு வச்சு, கொக்கிய வேனோட அடிச்சட்டத்துல மாட்டினோம். கயிறு அறுந்தா ஆளை வெட்டிரும்னு, நனைஞ்ச பெட்ஷீட் நாலு எடுத்து மேல போட்டா லாண்டரிக்காரம்மா. எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லிட்டு அமுக்கினேன். கயிறு விறைச்சுது, ஜீப்பு மூக்கக் குனிஞ்சுது, கொஞ்ச நேரம் ஒண்ணுமே நடக்கல, உன் குரல் என் காதுல கேட்டுது, உண்மையச் சொல்றேன். அப்புறம் சேறு 'பொளக்' னு வேன விட்டுச்சு. அங்குலம் அங்குலமா ஏறி வேன் ரோட்டுக்கு வந்து நின்னப்ப, அவ ஓடி வந்து கிரீஸ் கையோட நின்ன என்னக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. ஷீட்டு பதினொண்ணே முக்காலுக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்துது. "உன் தம்பிக்கு நான் போன் போடட்டுமா?" ன்னார் அத்தான். "வேண்டாம், எழுதுறேன். போன்னா குறுக்கப் பேசுவான்" னேன்.

ஆகவே, ஜீப் இனி இந்த வீட்டை விட்டு நகராது. அது என்னுடையது. இரும்புக்காரரிடம் என் வணக்கத்தைச் சொல்லி வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். நீயும் நீண்ட ஆயுளோடும், எதையும் செத்துப்போச்சு என்று சொல்லுமுன் ரெண்டு தடவை அமுக்கிப் பார்க்கிற பொறுமையோடும் வாழ்க.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: தபால்தலை இல்லாமல் கடிதம் நாலு நாள் மேஜையிலேயே கிடந்துவிட்டது. அதற்குள் விஷயம் தெருத்தெருவாகப் பரவி, இதுவரைக்கும் ரெண்டு கார், ஒரு மரத்தின் அடிக்கட்டை, கிணற்றில் விழுந்த மோட்டார், இறுகிப்போன கடை ஷட்டர், பூட்டிக்கொண்ட குளியலறையும் அதற்குள் ஒரு மாமனாரும், எல்லாம் இழுத்தாச்சு. காலை ஆறு மணிக்கே கதவைத் தட்டுகிறார்கள். அத்தான் சாப்பிட்டு எழுந்திருக்கிறதுக்குள் குடையோடு கூப்பிடுகிறார்கள். தம்பி, ஞாயிறு வரைக்கும் காத்திருக்காதே. சனிக்கிழமையே அந்த இரும்புக்காரரைக் கூட்டிக்கொண்டு வா. பின்பக்க வழியாக வா. முன்வாசலில் ஒருத்தர் மாடிக்கு ஏற்ற வேண்டிய பீரோவோடு நிற்கிறார்.