சிஞ்ஞோராவின் புளித்த மழை

இத்தாலியின் பலெர்மோ நகரில் எல்லோருக்கும் தமிழ் தெரியும், மரியாதைதான் தெரியாது என்று நம்பி வாழ்ந்த ஒரே மனிதர் 'ஆச்சு'.

தொண்ணூறுகளில், போர்கோ வெக்கியோ பகுதியில் எனக்கு அடுத்த அறையில் இருந்தார். கபோ சந்தையில் மீன்காரன் 'ஆம்' என்ற பொருளில் 'சீ, சீ' என்றால், "மீன் கேட்டால் நாயைக் கலைக்கிற மாதிரிக் கலைக்கிறான், அண்ணை" என்பார். ஓர் அலுவலகத்தில் இவர் ஏதோ கேட்க, 'பிறகு' என்ற பொருளில் 'பொய்' என்றார்கள். "நான் சொன்னதெல்லாம் பொய்யாம்!" என்று அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அவர் வீட்டுவேலை செய்தது ஒரு பேராசிரியையிடம். சிஞ்ஞோரா என்றால் அம்மணி. அந்தச் சிஞ்ஞோரா எத்னா எரிமலைச் சரிவில் பெய்யும் மழையைப் போத்தல்களில் பிடித்துவந்து ஆராய்பவர். எரிமலைப் புகை கலந்தால் மழையில் அமிலம் ஏறும். அமிலமானதை, புளித்ததை இத்தாலிய மொழியில் 'ஆச்சிதா' என்பார்கள்.

ஒரு காலை, சமையலறை மேசையில் போத்தல்களை அடுக்கி, "ஆச்சிதா! ஆச்சிதா!" என்று மகிழ்ந்துவிட்டு சிஞ்ஞோரா குளிக்கப் போனார். வேலை ஆச்சுதா என்று அவசரப்படுத்துகிறார் என எங்கள் ஆள் விளங்கிக்கொண்டார். அத்தனை மழையையும் தொட்டியில் ஊற்றி, போத்தல்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கவிழ்த்தார். திரும்பி வந்தவரிடம், "ஓம் சிஞ்ஞோரா, ஆச்சு!" என்றார். அன்றிலிருந்துதான் அந்தப் பெயர்.

மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். வேலைக் கடிதத்தில் சிஞ்ஞோரா ஒப்பமிட்டால்தான் ஆச்சுவின் தங்கும் அனுமதி புதுப்பிக்கப்படும். அது இருந்தால்தான் மன்னாரிலிருந்து மனைவியைக் கூப்பிடலாம். சிஞ்ஞோராவோ பேனாவை மூடிவிட்டு அழுதுகொண்டிருந்தார்.

"ஆச்சுதா எண்டு கேட்டவ. ஆச்சு எண்டு சொன்னன். பிறகேன் அழுறா?"

"அது புளிப்பு எண்டு அர்த்தம், ஐசே."

"மழை புளிக்குமே? மழை என்ன தோசை மாவே?"

"எரிமலைப் புகை பட்டால் புளிக்கும்."

"அப்ப அடுப்புப் புகை பட்டு என்ரை தேத்தண்ணி ஏன் புளிக்கேல்லை?"

அதோடு எனக்கும் குழம்பிவிட்டது. நடந்ததைச் சிஞ்ஞோராவிடம் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படியென்றால் நான் காப்பியை, எலுமிச்சையை, என் மச்சாளை ஆச்சிதா என்று திட்டும்போதெல்லாம் இவர் ஓடி ஓடித் தரை துடைத்தது..."

"ஓம் சிஞ்ஞோரா," என்றார் ஆச்சு, எதுவும் விளங்காமல்.

சிஞ்ஞோரா சிரித்தார். ஆனால் ஒப்பமிடவில்லை. அடுத்த மழைக்கு ஆச்சுவும் எத்னாவுக்கு வந்து போத்தல்களை நிரப்பவேண்டும். பிறகுதான் கடிதம் என்றார்.

மழை பெய்தது. அவர்கள் போன நாள் மாலை, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தருகே பஸ்ஸிலிருந்து ஆச்சு தெப்பமாக இறங்கினார். சட்டைக்குள்ளிருந்து பொலித்தீன் பையை எடுத்துக் காட்டினார். உள்ளே ஒப்பமிட்ட கடிதம். அது மட்டும் நனையவில்லை.

"மெய்யாத்தான் புளிக்குது, அண்ணை. ஒரு சொட்டு நாக்கிலை விட்டுப் பாத்தனான். நீங்கள் ஏன் இஞ்சை நிக்கிறியள்?"

"இந்தப் பக்கம் ஒரு அலுவலாய் வந்தனான்," என்று சொல்லி, கொண்டுவந்திருந்த உலர்ந்த சுவெட்டரை அவரிடம் நீட்டினேன்.